பந்தலுக்கு மேலே பக்கத்து வீட்டுக் கூரை

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கோப்பாய்ச் சந்திச் சைக்கிள் கடை முன்னால் சின்னதாக ஒரு கூட்டம். சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.

மேசைமேல் ஒரு தறப்பாள்.

புத்தம் புதியது. மடிப்புக் கலையாத பச்சைத் தார்ப்பாய். மண்ணெண்ணெயும் பற்றரியும் வராத ஊருக்கு இது எந்த வழியால் வந்து சேர்ந்ததோ... கடைக்காரர் விற்பேன் என்றும் சொல்லவில்லை, விற்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் ஆளுக்கொரு பக்கமாக அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருக்கு விதை வெங்காயத்தை மாரி முடியும்வரை மூடி வைக்க வேண்டுமாம். இன்னொருவருக்கு ஓடு நொருங்கிய அடுப்படி. மூன்றாமவர், பதுங்கு குழிக்கு மேலே விரித்தால் உள்ளே தண்ணீர் இறங்காது என்றார். கண்ணாடி போட்ட ஒரு மாஸ்டர், "எங்கடை முகாமுக்கு இது ஒண்டு கிடைச்சால் காணும்" என்றார். முகாம் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "சாரணர் முகாம். பள்ளிக்கூட வளவுக்குள்ளைதான்" என்று அவசரமாகத் திருத்தினார்.

"ரீச்சருக்கும் வேணுமோ?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

"இல்லை" என்று சைக்கிளில் ஏறிவிட்டேன்.

தேவை இல்லாமல் இல்லை. ஆனால் தறப்பாளைக் கண்டால் எனக்கு இப்போது கொஞ்சம் வெட்கம் வருகிறது. ஏன் என்கிறீர்களா? இரண்டு மாதமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த கதை அது. இந்தக் கிழமைப் பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் எங்கள் மகள் வாசுகிக்குக் கலியாணம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் — வாழ்த்துக் கடிதம் எழுதினீர்கள். நாள் வைத்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. பந்தல் போடத்தான், பின்னிய தென்னோலைக் கிடுகு இல்லை. தொண்ணூறுக்குப் பிறகு இடம்பெயர்ந்த சனமெல்லாம் கொட்டில் போட்டதில், யாழ்ப்பாணத்தில் கிடுகு என்பது கேட்டு வாங்கும் சாமான் இல்லை, கும்பிட்டு வாங்கும் சாமான். என் கணவர் மூன்று நாள் சைக்கிளில் அலைந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதை வேலிக்கு அப்பால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ரோசலின்.

ரோசலினுக்கு என் வயதுதான் இருக்கும். குருநகரில் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம். கரையோரம் இருக்க முடியாமல் போனபோது, கணவர் அன்ரன், மகள் மெர்சி, ஒரு தையல் மெசின், ஒரு வள்ளத் துடுப்பு, ஒரு தறப்பாள் — இவ்வளவோடு நீர்வேலிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்து வளவு கனடாவில் இருக்கும் ஒருவருடையது. சுவர் மட்டும் எழும்பி, கூரை ஏறாமல் நின்றுபோன வீடு ஒன்று அதில் இருந்தது. முன்பு வள்ளத்தில் வலையையும் மீனையும் மூடப் பயன்பட்ட அந்தத் தறப்பாளை அன்ரன் சுவர்களுக்கு மேலே இழுத்துக் கட்டினார். அதுதான் கூரை. மூன்று மாரி போய்விட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு உண்டு. ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி. நெருப்புப்பெட்டி இல்லாத நாட்களில் நெருப்பும், கறி வைக்கிற நாட்களில் கறிவேப்பிலையும் அதனூடாகப் போய் வரும். வாசுகியின் கலியாணச் சட்டைத் துணியும் அதனூடாகத்தான் போய், சட்டையாகத் திரும்பி வந்தது. அப்படி ஒரு சட்டை எங்கள் ஊரில் வேறு யாரும் தைத்திருக்க மாட்டார்கள்.

"ரீச்சர், உந்தக் கிடுகுக்கு ஏன் அலையிறியள்? எங்கடை தறப்பாள் கிடக்குதுதானே" என்றார் ரோசலின்.

"அது உங்கடை கூரை எல்லே?"

"இப்ப ஆவணி. மழை எங்கை வரப்போகுது? மூண்டு நாளைக்கு நட்சத்திரம் பாத்துக்கொண்டு படுக்கிறம். கழட்டிறதும் கட்டிறதும் எங்களுக்குப் புதுசே?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பெரிய உபகாரம் ரோசலின்" என்றேன்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அன்ரன் கூரையைக் கழற்றினார். ரோசலின் அதைக் கிணற்றடியில் விரித்து இரண்டு நாள் கழுவினார். மீன் மணம் வந்தால் கலியாணத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். ஒரு சவர்க்காரக் கட்டியை நான்கு துண்டாக வெட்டி நான்கு கிழமைக்குப் பாவிக்கிற காலம் இது. அவர் ஒரு முழுக் கட்டியைத் தறப்பாளில் தேய்த்துத் தீர்த்தார்.

இனி, வெட்கத்துக்குரிய இடம்.

அச்சடித்த அழைப்பிதழுக்குக் கடதாசி ஏது? நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். யார் யாருக்குச் சொல்வது என்று நானும் என் கணவரின் அக்காவும் இருந்து லிஸ்ற் எழுதினோம். மச்சாள் கெட்டிக்காரி. கலியாண வீடுகளில் சமையல் அறையும் பந்தியும் அவர் சொற்படிதான் நடக்கும். வடக்குப் பக்கத்து வீடு, தெற்குப் பக்கத்து வீடு என்று எழுதிக்கொண்டு வந்தவள், "ரோசலின் ஆக்கள்..." என்று இழுத்தேன்.

மச்சாள் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "அவையளை எந்தப் பந்தியிலை இருத்திறது? ஆருக்குப் பக்கத்திலை? பிறகு எங்கடை ஆக்கள் கதைப்பினம். அடுத்த நாள் சாப்பாடு குடுத்துவிடுவம். அவையும் ஒண்டும் நினைக்க மாட்டினம்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குப் புரியும். எனக்கும் புரிந்தது. அடுத்த பெயரை எழுதினேன்.

வாசுகி ஒருநாள் கேட்டாள். "அம்மா, ரோசலின் மாமிக்குச் சொல்லியாச்சோ?"

"தினம் பத்துத்தரம் காணுற ஆக்களுக்குப் புறிம்பாய்ச் சொல்லோணுமே?" என்றேன். பாருங்கள், எவ்வளவு அழகான பதில். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் படிப்பிப்பவளுக்குப் பதிலா இல்லை?

கலியாணத்துக்கு முதல் நாள் பந்தல் கட்டும்போது அன்ரன் வேலியடிக்கு வந்து, "நான் கட்டித்தரட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம் தம்பி, எங்கடை ஆக்கள் நிக்கினம்" என்று மச்சாளே அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்கள் தோட்டக்காரர்கள். வெங்காயம் காயப்போடுகிற பாயைப் போல, நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், மேசை விரிப்பு மாதிரி நேராக இழுத்துக் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் தாலி கட்டு முடிந்தது. நல்ல வெயில். முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்தி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இருந்த பந்தி. சோறு வைத்து, பருப்பும் நெய்யும் விட்டிருப்பார்கள். கிழக்கே வானம் கறுத்ததை நான் கவனிக்கவில்லை. முதல் துளி தறப்பாளில் விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன்.

பிறகு ஊற்றியது. ஆவணி மழை வந்தால் சொல்லிக்கொண்டா வரும்?

ஐந்து நிமிடத்தில் தறப்பாள் நடுவில் தொய்யத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் ஒரு பெரிய பானையின் அடிப்பக்கம் போலப் பந்தி நடுவே தொங்கியது. கீழே இருந்தவர்கள் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். பந்தல் கால் ஒன்று கிறீச்சிட்டுச் சாய்ந்தது. என் கணவரின் மச்சான் முறையான ஒருவர் ஒரு கூர்மையான தடியை எடுத்து நடுவில் குத்தித் தூக்கப் போனார்.

"குத்தாதேங்கோ அண்ணை. கிழிஞ்சுபோம்."

வேலிப் பொட்டால் ரோசலின் வந்துகொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார். பின்னால் அன்ரன், தோளில் ஒரு வள்ளத் துடுப்பு. ரோசலின் உடனே பந்தலுக்குள் வரவில்லை. வெளியே நின்றே ஒருதரம் சுற்றிப் பார்த்தார். துடுப்பின் நுனியில் தன் தலையில் போட்டிருந்த துண்டைச் சுற்றிக் கட்டினார்.

"மேற்குப் பக்கத்துக் கயிறு மூண்டையும் இளக்குங்கோ. ஒரேயடியாய் இல்லை. ஒரு சாண், ஒரு சாணாய்."

என் கணவர் ஒரு கயிற்றில். அன்ரன் இரண்டில். உள்ளே வந்த ரோசலின் துடுப்பை நடுவில் வைக்கவில்லை. தண்ணீர் தேங்கியிருந்த இடத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்து மெல்ல உயர்த்தினார். தண்ணீர் மேற்கே நகர்ந்தது. அவரும் ஒரு அடி நகர்ந்தார். மாட்டைப் பட்டிக்குச் சாய்ப்பது போல, அவ்வளவு தண்ணீரையும் பந்தி நீளத்துக்கு நடத்திக்கொண்டு போய், விளிம்பால் வாழைப் பாத்திக்குள் இறக்கினார். ஓர் இலையில்கூடத் தண்ணீர் படவில்லை. பிறகு கிழக்குக் கயிறுகளை இழுத்து, துடுப்பையே நடுக்கம்பாக நிறுத்தி, ஒவ்வொரு முடிச்சாக மாற்றிப் போட்டார்கள். இனி மழை எவ்வளவு பெய்தாலும் ஒரு பக்கமாக வழிந்து போகும்.

பந்தி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் காங்கேசன்துறைப் பக்கத்து மனிதர். ரயில் ஓடிய காலத்தில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். அவர்களும் வீட்டை விட்டு வந்து கொக்குவிலில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் ரோசலினைப் பார்த்து, "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டார்.

ரோசலின் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் ஐயா. வீட்டிலை சமைச்சுச் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார். திரும்பி நடந்தார்.

நான் பின்னால் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டடியில் நின்றுவிட்டேன். சுவர்களுக்கு நடுவே மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு அணைந்து சாம்பல் கரைந்து ஓடியது. சோற்றுப் பானையில் மூடிக்கு மேலால் தண்ணீர் வழிந்தது — சமைத்தார்கள், சாப்பிடவில்லை. பாய்களைச் சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுவரில் இருந்த மாதா படத்துக்கு மேலே ஒரு அலுமினியத் தட்டம். மெர்சி தையல் மெசினின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு துணி மூட்டையை அணைத்தபடி, முதுகில் மழையை வாங்கிக்கொண்டு நின்றாள்.

எங்கள் தலைக்கு மேலே இருந்த கூரைக்குக் கீழே இருக்க வேண்டியவர்கள் இவர்கள்.

ஓடிவந்தேன். மச்சாளிடம் சொன்னேன். "அடுத்த பந்தியிலை முன்னுக்கு மூண்டு இலை போடுங்கோ. ரோசலின் ஆக்கள் வருகினம்."

"இப்ப வேண்டாம். எல்லாரும் எழும்பட்டும்."

"எல்லாரும் எழும்பினாப் பிறகு இருத்திறதெண்டால், இருத்தாமலே விடலாம் மச்சாள்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மறுபடியும் பொட்டால் போனேன். பட்டுச் சேலைக் கரை சேற்றில்.

"ரோசலின், வாங்கோ. மூண்டு பேரும் வாங்கோ. சாப்பிட்டிட்டு அங்கையே இருங்கோ."

அவர் மெசினைப் பழைய சேலை ஒன்றால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சட்டை அளவு கேட்பது போலத்தான் கேட்டார்.

"மழை வந்தபடியால் கூப்பிடுறியள். மழை வராட்டி, ரீச்சர்?"

என்ன சொல்வீர்கள்? அவரே மெசினைக் காட்டினார்.

"மெசினையும் உந்தத் துணி மூட்டையையும் மட்டும் கொண்டுபோய் வையுங்கோ. அது ஊராற்றை துணி. நனையக்கூடாது. நாங்கள் நனைஞ்சால் காயும்."

நானும் மெர்சியுமாக மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தோம். மணவறைக்குப் பக்கத்து அறையில், பரிசுப் பொருட்களோடு அதையும் வைத்தேன். வாசுகி மாலையோடு வந்து பார்த்தாள். மெசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சம்பந்தி கை கழுவிக்கொண்டு நின்றார். அவரிடம் போய்ச் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பெண்ணைக் கொடுத்த நாளில் சம்பந்தியிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

"அண்ணை, உந்தத் தறப்பாள் அவையின்ரை வீட்டுக் கூரை. கலியாணத்துக்கெண்டு கழட்டித் தந்தவை. நான் அவையளுக்குக் கலியாணம் சொல்லேல்லை."

அவர் மேலே பார்த்தார். மழை சரிவாக வழிந்துகொண்டிருந்தது. சால்வையால் கையைத் துடைத்தார்.

"எங்கடை வீட்டிலையும் இப்ப ஆரோ இருப்பினம்" என்றார் மெதுவாக. "வீட்டுக்குள்ளை எத்தினை பேர் கொள்ளும்?"

"ஒடுங்கி இருந்தால் அறுபது பேர்."

"அப்ப ஒடுங்கி இருப்பம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முதல் கயிற்றடிக்குப் போனார். சம்பந்தி போனால் மற்றவர்கள் நிற்பார்களா? மாப்பிள்ளையின் சித்தப்பாமார், எங்கள் ஆட்கள், தடியோடு நின்ற மச்சான்காரர் — எல்லோரும் மழைக்குள் இறங்கினார்கள். தறப்பாளை நாற்புறமும் பிடித்து, வேலியில் நட்டிருந்த இரண்டு கதிகாலைச் சாய்த்து, அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அன்ரன் சுவரில் ஏறினார். ரோசலின் கீழே நின்று எந்தக் கயிறு எந்தச் சுவருக்கு என்று சொல்லச் சொல்ல, கரை வைத்த வேட்டிக்காரர்கள் இழுத்துக் கொடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் பக்கத்து வளவில் வீடு ஒன்று திரும்ப வந்துவிட்டது.

மூன்றாவது பந்தி எங்கள் விறாந்தையிலும் கூடத்திலும் அறைகளிலும் நடந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் என்று பார்க்க இடம் இல்லை. இடம் கண்ட இடத்தில் இருந்தார்கள். முழங்காலோடு முழங்கால் முட்டச் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் மட்டும், மழை விட்டதும் சொல்லாமல் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை. அதைப் பெரிய நட்டமாகவும் நான் உணரவில்லை.

ரோசலின் வீட்டார் அன்று எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. கொடுத்தனுப்பவும் எனக்கு மனம் துணியவில்லை.

மூன்றாம் நாள் காலை, நானும் என் கணவரும் குளித்து உடுத்து, வெற்றிலைத் தட்டத்தோடு போனோம். பொட்டால் போகவில்லை. தெருவில் இறங்கி, அவர்கள் வளவுப் படலையைத் திறந்து போனோம். ரோசலின் பாயை விரித்தார். இருந்தோம். பிளேன் ரீ தந்தார், பனங்கட்டியோடு. குடித்தோம்.

"நாளைக்கு நாலாம் சடங்கு. பிள்ளையள் வருகினம், விருந்து. நீங்கள் மூண்டு பேரும் கட்டாயம் வரவேணும்" என்றார் என் கணவர். அவர் அதிகம் கதைக்காத மனிதர். கதைத்த அந்த ஒரு வசனத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது.

ரோசலின் வானத்தைப் பார்த்தார். துப்புரவான நீல வானம். பிறகு தட்டத்தில் இருந்து வெற்றிலையை எடுத்தார்.

"ஓம். வாறம்."

வந்தார்கள். ரோசலின் மயில்கழுத்து நிறச் சேலையில், மெர்சி தலையில் மல்லிகையோடு, அன்ரன் முழுக்கைச் சேட்டில். கையில் கடதாசியில் சுற்றிய பரிசு — பூ வேலை செய்த இரண்டு தலையணை உறை. முதல் பந்தியில், மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு பக்கம், மச்சாளுக்கு மற்றப் பக்கம், நடுவில் ரோசலினுக்கு நான்தான் இலை போட்டேன்.

மச்சாள் எழும்பவில்லை. கதைக்கவும் இல்லை. தன் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். மச்சாள் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் பொய். மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம், கையில் ஒரு சட்டைத் துணியோடு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வேலிப் பொட்டால் குனிந்து போனார். அவ்வளவுதான் நடந்தது. சட்டை நன்றாக வந்திருக்கிறதாம்.

இதை எழுதலாமா என்று போன கிழமை ரோசலினிடம் கேட்டேன். "எழுதுங்கோ ரீச்சர், பேரை மட்டும் மாத்துங்கோ" என்றார். மாற்றியிருக்கிறேன். போகிற போக்கில் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு எங்களிலை உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

மெசின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"வந்தது ரீச்சர். நல்லாய் வந்தது. ஒவ்வொரு முடிச்சிலையும் போட்டு இறுக்கினனான்."

உண்மையாகத்தான் இருக்கும். பந்தலில் அந்த முடிச்சுகளை அவிழ்க்க அன்று நான்கு ஆண்களுக்குப் பல் தேவைப்பட்டது.